நொட்டேஷனைப் பார்த்தே கீர்த்தனை பாடிவிட முடியுமா?

கேள்வி இது: மேற்கத்திய சாஸ்திரீய இசையில் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, அதுவரை கேட்டிராத உருப்படியைக்கூட வாசித்துவிடுகிறார்கள். நம் கர்நாடக இசையிலும் ஸ்வரங்களை எழுத்தில் குறித்த நொட்டேஷன் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்த்துப் பாடினால் பாட்டு மாதிரியே இருப்பதில்லை. அப்படியானால் நூறு வருஷத்துப் பழைய புத்தகங்களை இன்னும் ஏன் தேடி வாங்குகிறார்கள்?

நோட்டுஸ்வரமாக இருந்தால் பார்த்தே பாடிவிடலாம், கீர்த்தனையாக இருந்தால் முடியாது. மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதரிடமே இரண்டு வகையும் இருப்பதால் அவரை வைத்தே விளக்கிவிடலாம்.

தீக்ஷிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் (பாட்டின் சொற்கள்) எழுதியிருக்கிறார். சுமார் 40 உருப்படிகள், எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில். இவற்றைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’. அந்த மெட்டை நம் முறையில் எழுதினால் இப்படி வரும்:

ஸா ஸா ரீ | நீ , ஸ ரீ ||
சந் த தம் | பா – ஹி மாம் ||
கா கா மா | கா , ரி ஸா ||
சங் கீ த | ச்யா – ம ளே ||

நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று, கால்புள்ளி ஒரு மாத்திரை கார்வை (நீட்டல்). கோட்டுக்குக் கோடு ஆறு மாத்திரை. முதல் வரியில் வரும் நீ மட்டும் கீழ் ஸ்தாயி, அதாவது ‘ஸ’வுக்குக் கீழே வருவது. இவ்வளவு தெரிந்த யாரும், ஹார்மோனியத்தில் ஸ்வரங்களை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தாளில் உள்ளபடியே பாடிவிடலாம். ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்கும் மெட்டு இது. அசையாத ஸ்வரத்தை எழுத்து முழுசாகப் பிடித்துவிடும்.

இப்போது அதே தீக்ஷிதர், அதே சங்கராபரணத்தில் கீழ்வேளூர் ஸ்வாமி மேல் செய்த ‘அக்ஷயலிங்க விபோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் மிஸ்ர சாபு. ஆரோகண அவரோகணம் ஒன்றுதான், ஸ்வரஸ்தானம் ஒன்றுதான். புத்தகத்தில் இருக்கும் ஸ்வரங்களை மேலே சொன்ன மாதிரி நேராகப் பாடிப் பாருங்கள். கணக்கு சரியாக இருக்கும், ஆனால் சங்கராபரணம் இருக்காது. நோட்டுஸ்வரத்தின் தூரத்து உறவு மாதிரி ஏதோ ஒன்று கேட்கும். கீர்த்தனையின் ஸ்வரம் நிற்பதில்லை. பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும், அங்கிருந்து வழுக்கி இறங்கும், இருந்த இடத்திலேயே அசையும். அந்த அசைவுதான் ராகம். அச்சிட்ட ‘க’ என்ற எழுத்துக்கு அது தெரியாது.

தோடி ராகத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். தோடிக்கு சாதாரண காந்தாரம் (‘க’ ஸ்வரத்தின் ஒரு வகை) என்று புத்தகம் சொல்லும். கரகரப்பிரியாவுக்கும் அதே சாதாரண காந்தாரம்தான். ஆனால் தோடிக் காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே ஊசலாடுகிறது. கரகரப்பிரியாவில் அந்த ஆட்டத்தின் கீழ்முனை சதுஸ்ருதி ரிஷபம். கீபோர்டில் அந்த ஒரு கட்டையை மட்டும் அழுத்தினால் இரண்டு ராகமும் கிடைக்காது. எழுத்து ஒன்று, ஸ்தானம் ஒன்று, கேட்பது இரண்டு. நொட்டேஷனின் எல்லை இங்கே தொடங்குகிறது.

மேற்கத்திய தாளும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை, ஆனால் அங்கே தேவையே வேறு. அறுபது எழுபது பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களை வாசித்தாக வேண்டும். அதைக் காதால் மட்டும் ஒருங்கிணைக்க முடியாது. சுருதி, கால அளவு, சத்தத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் தாளிலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். 1750-இல் இறந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெரிய படைப்பு ஒன்றை, பல தலைமுறை கழித்து 1829-இல் பெர்லினில் மெண்டல்சன் மீண்டும் அரங்கேற்ற முடிந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். நமக்கு அந்த வேலையைச் செய்தது சிஷ்ய பரம்பரை. அது அறுந்த இடங்களில் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பக்கத்தைப் படிக்கும் முறை. ஆரம்பப் பாடமான கீதத்திலிருந்து தொடங்குவதே நல்லது. மோகனத்தில் எல்லோரும் கற்கும் ‘வரவீணா’:

க க | ப , ப , || த ப | ஸ் , ஸ் , ||
வ ர | வீ – ணா – || ம்ரு து | பா – ணி – ||
ரி ஸ் | த த ப , || த ப | க க ரி , ||
வ ன | ரு ஹ லோ – || ச ன | ரா – ணி – ||

ரூபக தாளம். த்ருதம் 2, லகு 4, மொத்தம் 6. ஒரு தட்டு, ஒரு வீச்சு, பிறகு ஒரு தட்டு, மூன்று விரல். ஒற்றைக் கோடு தாளத்தின் அங்கத்தைப் பிரிக்கும், இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு சுற்றை) முடிக்கும். தலைக்கு மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. தமிழில் இதில் ஒரு வேடிக்கை உண்டு: மேல் ஸ்தாயிப் புள்ளி போட்ட ‘ஸ’ மெய்யெழுத்து மாதிரியே தெரியும். ஸ்வர வரியில் மெய்யெழுத்துக்கு வேலை இல்லாததால் குழப்பம் வராது. ஆனால் ‘ரி’ மாதிரி எழுத்துகளில் அந்தப் புள்ளி மேல் வளைவோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். மேலே இரண்டாம் வரியின் முதல் ‘ரி’யைப் பாருங்கள். புள்ளி இல்லை, ஆனால் அது மேல் ஸ்தாயி ரிஷபம். முன்னால் ஒரு மேல் ஷட்ஜம் (ஸ), பின்னால் ஒரு மேல் ஷட்ஜம். நடுவில் மத்ய ஸ்தாயி ரிஷபத்துக்குக் குதித்துவிட்டுத் திரும்பி ஏறுவது ஆரம்பப் பாடத்தில் நடக்காது. ஜெராக்ஸிலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பிலும் முதலில் தேய்வது இந்தப் புள்ளிகள்தான். ஒரே தாவலில் ஐந்தாறு ஸ்வரம் தள்ளிப் போவதாகத் தெரிந்தால், பாடுவதற்கு முன் புள்ளியைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது காலம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஆவர்த்தனத்துக்கு 32. ‘பா ; மா க ரி’ என்று இருந்தால்: பா 2, அரைப்புள்ளி 2, மா 2, க 1, ரி 1, ஆக 8 மாத்திரை, இரண்டு எண்ணிக்கை. எழுத்துகளின் மேல் ஒரு கோடு ஓடினால் அந்த எழுத்துகளுக்கு மாத்திரை பாதி. இரண்டு கோடு ஓடினால் கால். மேல்கோடு மங்கிப்போன பிரதியில் பாடினால் தாளத்துக்கு வெளியே தள்ளப்படுவீர்கள். அதனால் வாயைத் திறக்குமுன் பென்சிலால் கூட்டிப் பாருங்கள். 32 வர வேண்டிய இடத்தில் 33 வந்தால் ஒரு கார்வை மிகை, அல்லது ஒரு நெடில் குறிலாக இருந்திருக்க வேண்டும். 36 வந்தால் பெரும்பாலும் ஒரு மேல்கோடு விட்டுப்போயிருக்கும். நல்ல பெயருள்ள பதிப்புகளிலும் அச்சுப்பிழை உண்டு. கூட்டிப் பார்க்காமல் பாடினால் அந்தப் பிழைக்கு ஏற்றபடி தாளத்தை இழுத்துப் பழகிவிடுவோம். பிறகு அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில், இன்னொரு பொறி இருக்கிறது. பல ஆதி தாளக் கீர்த்தனைகள் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்குவதில்லை. அரை எண்ணிக்கை தள்ளி எடுத்தால் வரியின் தலையில் ஒரு அரைப்புள்ளி இருக்கும். ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுத்தால் மூன்று இருக்கும். சத்தமில்லாத குறி என்பதால் அதை விட்டுவிட்டு முதல் எழுத்தில் தட்டுகிறார்கள். பாட்டு முழுவதும் அந்த அளவு முன்னால் நகர்ந்துவிடும். தனியாகப் பாடும்போது தெரியாது. மிருதங்கம் சேர்ந்ததும் முதல் ஆவர்த்தனத்திலேயே தெரிந்துவிடும்.

ரூபகம் என்று தலைப்பில் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை. கீதத்தில் 2+4 என்ற அங்கத்தோடு வரும் ரூபகம் ஒன்று. கீர்த்தனைகளில் பெரும்பாலும் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று எண்ணிக்கையாகப் போடுவது இன்னொன்று, அதில் எண்ணிக்கைக்கு நான்காக 12 மாத்திரை. புத்தகம் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் அச்சிடும். கோடுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாகித்ய வரிக்கு வருவோம். தமிழ் எழுத்தில் தெலுங்கும் சமஸ்கிருதமும் அச்சிடும்போது க, ச, ட, த, ப ஆகியவற்றின் பக்கத்தில் ஒலி வேறுபாட்டைக் காட்ட 2, 3, 4 என்று சிறிய எண் போடுவார்கள். அதை அலங்காரமாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ‘பவ’ என்பதில் ப-வுக்கு எண் 4 இருந்தால் அது சம்சாரத்தைக் குறிக்கும் சொல். எண்ணைப் பார்க்காமல் வல்லின ப-வாகப் பாடினால் சொல்லே இல்லை. எண் போடாத மலிவுப் பதிப்பை வாங்குவதைவிட, சாகித்யத்தைத் தெரிந்தவரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

புத்தகம் சொல்லவே சொல்லாதது சுருதி. ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒரு புள்ளி என்றால் ஒரு குறிப்பிட்ட உயரம். நம் ‘ஸ’ யாருடைய ஷட்ஜமாகவும் இருக்கலாம். ஆண்கள் பெரும்பாலும் 1 அல்லது 1½ கட்டை (சுருதி அளவு), பெண்கள் 5 அல்லது 5½ கட்டை வைத்துக்கொள்கிறார்கள். உருப்படியின் மிக உயர்ந்த ஸ்வரமும் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் எவை என்று பக்கத்தில் முதலில் தேடிப் பாருங்கள். அனுபல்லவியில் மேல் பஞ்சமம் வரை போகிற உருப்படியை ஒத்துவராத கட்டையில் தொடங்கிவிட்டு, பாதியில் குரலைக் கிழித்துக்கொள்வதற்குப் புத்தகம் பொறுப்பில்லை.

இனி பழைய புத்தக விஷயம். எல்லோரும் தேடும் அந்த ஒரு புத்தகம் சுப்பராம தீக்ஷிதரின் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’. அவர் 1839-இல் பிறந்தவர். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதருக்கு மகள் வயிற்றுப் பேரன், பிறகு அவராலேயே தத்து எடுக்கப்பட்டவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். புத்தகம் 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சானது, தெலுங்கு எழுத்தில். அவரை எழுதத் தூண்டியவர்களில் முக்கியமானவர் ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார். அதற்கு முன்பே, 1890-களில், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி வெளியிட முயன்றவர் அவர். தியாகராஜ கீர்த்தனைகளுக்கு வாலாஜாபேட்டை கிருஷ்ணஸ்வாமி பாகவதரைப் பாடச் சொல்லி எழுதினார். முயற்சி பெரியது, முறை பொருந்தவில்லை. ஐந்து கோட்டில் நிற்கிற புள்ளிகளுக்கு இடம் இருந்தது, வழுக்குகிற ஸ்வரத்துக்கு இல்லை.

சுப்பராம தீக்ஷிதர் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார். ஸ்வரத்தின் அசைவுகளான கமகங்களுக்காக, வீணையில் விரல் என்ன செய்கிறதோ அதற்கு ஒவ்வொரு குறி: கம்பிதத்துக்கு (அசைத்தல்) நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிராகச் சாய்ந்த கோடுகள், ரவைக்கு ஒரு கூரை, ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி. இவை தவிர நொக்கு, கண்டிப்பு, வளி, ஒரிகை. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இவை வீணை பிடிப்பவர்களின் சொற்கள். ஒடுக்கல் என்றால் ஒரு மெட்டிலேயே (வீணைத் தண்டியில் உள்ள கட்டை) தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தை வரவழைப்பது. அதே ஸ்வரத்தை அடுத்த மெட்டுக்கு நகர்ந்து வாசித்தால் ஜாரு. போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான், காதில் விழுவது வேறு. வெறும் ‘க ம’ என்று எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் எங்கும் பதிவாகியிருக்காது.

இருந்தாலும் குறியைப் பார்த்து ராகத்தைப் புதிதாக வரவழைக்க முடியாது. நெளிகோடு ‘அசை’ என்று சொல்லும். எவ்வளவு அகலம், எத்தனை முறை, எந்த முனையில் கொஞ்சம் தாமதிப்பது என்று சொல்லாது. ராகத்தை ஏற்கெனவே கேட்டவருக்கு அந்தக் குறி ‘இந்த இடத்தில் இந்த அசைவு’ என்று நினைவூட்டும். கேட்காதவருக்கு அது வெறும் நெளிகோடு.

பிறகு ஏன் தேடுகிறார்கள் என்றால், காதில் நிற்காமல் போகிற சில விஷயங்களைப் புத்தகம் விடாமல் வைத்திருக்கிறது. முதலாவது, அபூர்வ ராகங்கள். இந்தப் புத்தகம் வேங்கடமகி என்ற இசை இலக்கண ஆசிரியர் வழி வந்த 72 ராகாங்க ராகங்களின் (தாய் ராகங்களின்) வரிசையில் அமைந்தது. ஒவ்வொரு ராகத்துக்கும் லட்சணம், பிடிகள், பிறகு கீதம், கீர்த்தனை, சஞ்சாரி. சில ராகங்களுக்கு ஒன்றிரண்டு உருப்படிதான் ஆதாரம். பாடுகிறவர் இல்லாமல் போயிருந்தால் ராகமும் போயிருக்கும். இரண்டாவது, பின்னால் சேர்ந்தவற்றைப் பிரித்துப் பார்க்கும் வசதி. இன்று பல்லவிக்கு ஐந்தாறு சங்கதி (ஒரே வரியின் மாறுபட்ட வடிவங்கள்) பாடும் இடத்தில் இதில் பெரும்பாலும் ஒன்றிரண்டே இருக்கும். எது உருப்படியின் உடம்பு, எது பின்னால் வந்த பாடகர்கள் போட்ட நகை என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காக ‘புத்தகத்தில் இல்லாதது தப்பு’ என்று கச்சேரியில் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல சங்கதி நல்ல சங்கதிதான், யார் போட்டிருந்தாலும்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அன்னமாச்சாரியார் சாட்சி. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவருடைய பாடல்கள் ஆயிரக்கணக்கில் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. சாகித்யம் இருக்கிறது, தலைப்பில் ராகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்வரம் இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் போட்டவை. சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளுக்கும் ஏறக்குறைய அதே கதி. செம்பு ஐந்நூறு வருஷம் நின்றது, மெட்டு நிற்கவில்லை. தியாகராஜருடைய உருப்படிகள் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சிஷ்யர்கள் வழியாக வந்தன. அதனால்தான் ஒரே கீர்த்தனைக்கு இத்தனை பாடாந்தரம் (பரம்பரைக்குப் பரம்பரை மாறும் பாடும் முறை). வாலாஜாபேட்டைக் கைப்பிரதிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. பாடாந்தரச் சண்டை வரும்போது ஆய்வாளர்கள் அங்கே போய் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ப்ரதர்சினியைச் சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்தில் 1961 முதல் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. ஆசிரியர் 1906-இல் மறைந்தவர் என்பதால் தெலுங்கு மூலத்துக்கு இன்று காப்புரிமை இல்லை. தமிழ்ப் பதிப்பு வேறு சங்கதி. ஆனால் முதல் புத்தகமாக இதை வாங்காதீர்கள். சரளி வரிசையிலிருந்து கீதம் வரைக்கும் ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயரின் ‘கானாம்ருத போதினி’ போதும், வர்ணத்துக்கு அவருடைய ‘வர்ண மாலிகா’. கீர்த்தனைகளுக்கு வந்த பிறகு ரங்கராமானுஜ ஐயங்காரின் ‘க்ருதி மணி மாலை’. பத்து இருபது கீர்த்தனை வாயில் ஏறிய பிறகு ப்ரதர்சினியைத் திறந்தால்தான் அதன் குறிகள் பேசும்.

ஒரு கீர்த்தனையைப் புத்தகத்தோடு கற்கும் வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. முதலில் கேளுங்கள், புத்தகம் மூடியிருக்கட்டும். ஒரே உருப்படிக்கு மூன்று வெவ்வேறு பாடாந்தரப் பதிவுகள், அவற்றில் ஒன்றாவது வீணை. வாய்ப்பாட்டில் மறைந்துபோகும் கமகம் வீணையில் பிரிந்து கேட்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து தாளம், எடுப்பு, மாத்திரைக் கணக்கு மூன்றையும் பென்சிலால் சரிபாருங்கள். அடுத்து சாகித்யம் இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் தாளம் போட்டு, கமகம் சேர்க்காமல், கணக்குக்காக மட்டும் இரண்டு தடவை பாடுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம், அந்த மொட்டை ஸ்வரம் தொண்டையில் உட்கார்ந்துவிடும். பிறகு மறுபடி பதிவுக்குப் போய், எந்த எழுத்தில் குரல் அசைகிறது என்று கேட்டு உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். சாகித்யம் கடைசியில்.

குருவிடம் கற்பவர்களுக்கும் சொந்த நோட்டு வேண்டும். ‘எல்லாம் ரெக்கார்டிங்கில் இருக்கிறதே’ என்று விடுகிறவர்கள், ஐந்து வருஷம் கழித்து மூன்றாவது சங்கதி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிஷப் பதிவை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நீள நோட்டைப் படுக்கவாட்டில் வைத்து, ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம் போடுங்கள். நான்காவது, ஆறாவது கட்டங்களுக்குப் பின் கோடு தடிமனாக இருக்கட்டும். ஒரு ஆவர்த்தனத்துக்கு மூன்று வரி: மேலே கமகக் குறிக்கு வெற்றிடம், நடுவில் ஸ்வரம், கீழே சாகித்யம். சங்கதிகளுக்கு 1, 2, 3 என்று ஓரத்தில் எண். மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் மாறும் கட்டத்தை மட்டும் எழுதினால், எங்கே மாறுகிறது என்பது பார்த்தவுடன் தெரியும். கணினியில் அடிப்பவர்கள் இடைவெளி விட்டு வரிசைப்படுத்தப் பார்க்காதீர்கள். தமிழில் ‘ப’வும் ‘ணை’யும் ஒரே அகலம் இல்லை, கீழ்வரி சாகித்யம் ஸ்வரத்தை விட்டு விலகி ஓடும். அட்டவணை போட்டு, கட்டத்துக்கு ஒரு எண்ணிக்கை என்று நிரப்புங்கள்.

தலைப்பில் ராகம், தாளம், எடுப்போடு, யாருடைய பாடாந்தரம், எந்தத் தேதியில் எழுதியது என்பதையும் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பாடாந்தரம் கேட்டு அதையே திருத்த நினைத்தால், அழிக்காமல் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதுங்கள்.